மேல் வலது மூலை

என் கணவர் மருத்துவமனையில் இருந்த ஆறு வாரத்தில் வீட்டைப் பற்றிப் பேசவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பற்றிக்கூட அதிகம் பேசவில்லை. அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் பேசினார்.

"நல்ல இடமாப் பார்த்து வித்துடு," என்றார். "அவசரப்படாத. கேக்கறவன் கையைப் பாரு. நகத்துல அழுக்கு இருந்தா குடுக்காத."

"பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தப்பகூட நீங்க இவ்வளவு நிபந்தனை போடலையே," என்றேன்.

"மாப்பிள்ளை சரியில்லைன்னா திரும்பி வந்துடலாம். முதல் இதழ் போனா போனதுதான்." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது.

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "கை படாத பிரதி," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார், சிலர் சாமி பெயரைச் சொல்வதுபோல.

'புயல் தபால்காரன்' என்ற படக்கதை இதழ் இன்று அநேகருக்கு நினைவிருக்காது. எந்தக் காற்றிலும் மழையிலும் கடிதத்தை உரியவரிடம் சேர்த்துவிடுகிற ஒரு தபால்காரனின் கதை. முதல் இதழின் அட்டையில் அவன் உடைந்த பாலத்தின் மேலிருந்து தாவுவான். தோளில் சிவப்புப் பை, பின்னால் ஆழ்ந்த நீல வானம். கொஞ்சப் பிரதிகளே அச்சடித்தார்களாம். அவற்றையும் பிள்ளைகள் படித்துக் கிழித்துத் தீர்த்துவிட்டார்கள். என் கணவருடைய சித்தப்பா பத்திரிகை ஏஜென்டாக இருந்தவர். விற்காமல் தங்கிய ஒரே ஒரு பிரதி அவருடைய தகரப் பெட்டியின் அடியில் கிடந்து இவருக்கு வந்து சேர்ந்தது. யாரும் பிரித்துக்கூடப் பார்க்காதது.

இவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த சோப்புக்கும் அசையாத கிரீஸ் இவர் விரல்களில் நிரந்தரமாகக் குடியிருந்தது. அதனால் அந்த இதழை உறையோடுதான் தொடுவார். பிளாஸ்டிக் உறை, உள்ளே முதுகுக்கு அட்டை, வாய்ப்பக்கம் மடித்து ஒரு பசை நாடா. "என்னைத் தூக்கிப் பரண்ல போட்டாலும் போடு, அதை வெளியில எடுக்காத," என்பார். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் அதில் ஒரு பக்கத்தைக்கூட நான் படித்ததில்லை. வீட்டில் அரிசி எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அந்தத் தபால்காரன் கடைசியில் என்ன ஆனான் என்பது எனக்குத் தெரியாது. அப்படித்தான் இருந்தோம்.

ஒருமுறை வேறு ஊரில் புது லிஃப்ட் பொருத்த மூன்று நாள் போனார். முதல் நாள் மத்தியானமே நான் அதை வெளியில் எடுத்தேன். திருட்டுத்தனம் என்று தோன்றவில்லை. படிக்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, முப்பத்திரண்டு பக்கத்தையும் படித்தேன். நன்றாக இருந்தது. ஓர் இடத்தில் சத்தமாகச் சிரித்தேன். பிறகு உறைக்குள் திரும்ப வைக்கும்போது, மடிப்பில் இருந்த பசை நாடா அட்டையின் மேல் வலது மூலையைப் பிடித்துக்கொண்டது. புத்தகம் சேர்க்கிறவர்கள் முதலில் நாடாவைத் தனியே ஒதுக்கிவிட்டுத்தான் வைப்பார்களாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சுண்டுவிரல் நகத்தளவு வானம் நாடாவோடு போய்விட்டது.

வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள், இல்லையென்றால் அவர் வந்ததும் சொல்லியிருப்பார்கள். என் கெட்ட நேரம், எனக்கு ஒரு தொழில் தெரிந்திருந்தது.

நான் ஆவணக் காப்பகத்தில் பழுதுபார்க்கும் பிரிவில் வேலை செய்தேன். பூச்சி அரித்த நிலப் பதிவேடுகள், தண்ணீரில் ஊறிய வரைபடங்கள், மடிப்பில் நைந்துபோன உயில்கள். மாவுப் பசையும் வெங்காயச் சருகுபோன்ற தாளும் மெல்லிய தூரிகையும் கொண்டு அவற்றை நிமிர்த்துவோம். அந்தப் பிரிவில் சேர்ந்த அன்றே ஒரு சட்டம் சொல்லித் தருவார்கள்: செய்த வேலையை மறைக்கக் கூடாது. ஒட்டும் தாள் பழைய தாளைவிட ஒரு சாயல் வெளுப்பாக இருக்க வேண்டும். ஒரு முழ தூரத்தில் கண்ணுக்கு உறுத்தக் கூடாது, ஒரு சாண் தூரத்தில் தெரிந்தாக வேண்டும். பின்பக்கம் பென்சிலால் தேதி, பெயரெழுத்து. நாளைக்கு அதைப் படிக்கிறவரை ஏமாற்ற நமக்கு உரிமை இல்லை. இருபத்தெட்டு வருட வேலையில் ஒரே ஒரு முறைதான் அந்தச் சட்டத்தை மீறினேன், அதுவும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்.

இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். அதே காலத்துப் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றின் வெற்றுத் தாளிலிருந்து நகத்தளவு எடுத்து, விளிம்பைச் சுரண்டி மெலிதாக்கிப் பொருத்தினேன். அச்சடித்த நீலம் ஒரே பூச்சாக இருக்காது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் வெறும் புள்ளிகள். நீலப் புள்ளி, அதற்கிடையே இளஞ்சிவப்புப் புள்ளி. தூரிகையில் மூன்று மயிரை மட்டும் விட்டு மீதியைக் கத்தரித்துவிட்டு, ஒவ்வொரு புள்ளியாக வைத்தேன். முடித்தபோது எந்த இடம் என்று எனக்கே தேட வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னால், அன்று நான் பட்டது பெருமை. குற்ற உணர்வெல்லாம் அப்புறம் வந்ததுதான். பின்பக்கம் பென்சிலால் எதுவும் எழுதவில்லை.

அவர் வந்தார், பெட்டியைக்கூடத் திறக்காமல் உறையை எடுத்துப் பார்த்தார், வைத்தார். "என்ன, ஒரு மாதிரி இருக்க?" என்றார். தலைவலி என்றேன்.

எங்கள் வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். எல்லாரும் அவரைப்போலப் பழைய படக்கதை சேர்க்கிறவர்கள். அவர்களில் ஒருவர் பல் டாக்டர், என்னைவிட இளையவர், என்னை அண்ணி என்று கூப்பிடுவார். இன்னொருவர் ஜெராக்ஸ் கடைக்காரர், என்னைத் தங்கச்சி என்பார். டீ கொண்டுவந்தால் எழுந்து தட்டை வாங்கிக்கொள்கிற ஒரே ஆள்.

அந்த வருடமே அது நடந்தது. கடைக்காரர் டாக்டருக்கு விற்ற ஓர் இதழின் முதுகில் பசை வைத்து ஒட்டியிருந்தது தெரியவந்தது. டாக்டர் பெரிதுபடுத்தவில்லை. என் கணவர்தான் விடவில்லை.

"ஒட்டுப் போட்டதை ஒட்டுன்னு சொல்லி வித்தா வியாபாரி," என்றார். "சொல்லாம வித்தா அவனுக்குப் பேர் வேற."

"எனக்கு வந்தப்பவே அப்படித்தாங்க வந்திருக்கு. நான் கவனிக்கல," என்றார் கடைக்காரர்.

"உம்ம கடையில இருக்கிற மெஷினுக்கே ஒரிஜினல் எது காப்பி எதுன்னு தெரியும். உமக்குத் தெரியாதா?"

டாக்டர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். என் கணவர் உள்ளே போய் அந்த உறையை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். "பாரும். இதுக்குப் பேர்தான் புத்தகம். இதை வச்சிருக்கிறவன் பேசறேன்."

நான் டீத் தட்டோடு வாசல்படியில் நின்றுகொண்டிருந்தேன்.  ஒரு வார்த்தை போதும். 'அதுவும் ஒட்டுப் போட்டதுதாங்க.' மூன்றே சொல். அவர் முகம் ஏழு பேர் முன்னால் என்ன ஆகும் என்று நினைத்தேன், தட்டை மேசை ஓரத்தில் வைத்தேன். கடைக்காரர் தன் கோப்பையை எடுத்து, ஆறும்வரை பொறுத்து, முழுவதும் குடித்து, கீழே வைத்தார். "வரேன் தங்கச்சி," என்றார். அதன் பிறகு வரவில்லை.

அன்றைக்கு ராத்திரிக்குள் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். பிறகு அடுத்த ஞாயிறுக்குள். பிறகு மகள் பரீட்சை முடியட்டும் என்று. பதினோரு வருடம் அப்படித்தான் போனது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அதுவும் ஒரு கட்டத்தில் வேலைக்குப் போய்வரப் பழகிவிடுகிறது.

என் கணவர் போய் மூன்றாவது மாதம் மகள் போனில் ஆரம்பித்தாள். "அம்மா, நெட்ல படம் எடுத்துப் போடு. ஒரு வாரத்துல யாராவது வாங்கிடுவாங்க. ஆள் யாருன்னுகூட உனக்குத் தெரிய வேண்டாம்."

ஆள் யார் என்று தெரிய வேண்டாம் என்பதுதான் எனக்கும் முதலில் பிடித்தது. உட்கார்ந்து விவரம்கூட எழுதினேன். 'மிக நல்ல நிலை' என்று எழுதி, அதற்கு மேல் கை ஓடவில்லை.

இரண்டாவது இடம் தானாகவே வீட்டுக்கு வந்தது. டாக்டர் ஒரு மாலை வந்து, என் கணவருடைய நாற்காலியில் உட்காராமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அண்ணி, நீங்க எங்கேயும் அலைய வேண்டாம். நான் எடுத்துக்கிறேன். விலையைப் பத்தி யோசிக்காதீங்க, மார்க்கெட்ல யார் என்ன சொல்றானோ அதுக்கு மேலயே தரேன்."

"ஒருதரம் பிரிச்சுப் பார்த்துக்குங்க தம்பி."

"அண்ணனோட புத்தகத்தையா? சந்தேகப்பட்டுப் பிரிச்சா அவர் எழுந்து வந்து என் பல்லை எல்லாம் பிடுங்கிடுவார். உறையோட அப்படியே வச்சிடுவேன்." கண் கலங்கினார். "நம்ம கூட்டத்துல பொய் இல்லாத புத்தகம் அது ஒண்ணுதான் அண்ணி."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். டாக்டர் போன பிறகு வெகுநேரம் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அவரிடம் கொடுத்தால் எல்லாருக்கும் நல்லது. அவருக்குப் புத்தகம், எனக்குப் பணம், போனவருக்குப் பெயர். இடையில் ஒரே ஒருவர்தான் கணக்கில் வரவில்லை.

மூன்றாவது இடம் ஏல நிறுவனம். அவர்கள் தாளைப் பரிசோதிப்பார்கள், இதுவரை யாரிடம் இருந்தது என்று கேட்பார்கள், எல்லாவற்றையும் கேட்டலாக்கில் அச்சடிப்பார்கள். சேர்க்கிறவர்கள் அத்தனை பேரும் அதை வரி விடாமல் படிப்பார்கள். அங்கே போவதென்றால் என் கணவருடைய பெயருக்குப் பக்கத்தில் 'பழுதுபார்க்கப்பட்டது' என்று அச்சேறும்.

மறுநாள் நான் இந்த மூன்று இடத்துக்கும் போகவில்லை. புத்தகத்தைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

கடை ஒரு கல்லூரிக்கு எதிரில், மாடிப்படிக்குக் கீழே இருந்தது. இரண்டு மெஷின், ஒரு மரக் கவுன்ட்டர், சூடான தாளின் வாசனை. கடைக்காரருக்கு முடி முழுவதும் நரைத்துவிட்டது. என்னைப் பார்த்தார். தெரிந்துகொண்டார் என்பது கை ஒரு கணம் நின்றதில் தெரிந்தது.

"எத்தனை காப்பி மேடம்?"

"காப்பி எடுக்க வரல," என்றேன். உறையைக் கவுன்ட்டர்மேல் வைத்தேன். "அவர் போயிட்டார். தெரியும்தானே?"

"கேள்விப்பட்டேன். வரல. வந்து என்ன சொல்றது?" உறையைப் பார்த்தார், தொடவில்லை. "விக்கறீங்களா? டாக்டரைக் கேளுங்க. நான் பிராடுப் பார்ட்டி."

நாடாவை ஒதுக்கி, புத்தகத்தை வெளியில் எடுத்து, அட்டையை அவர் பக்கம் திருப்பினேன். மேல் வலது மூலையில் விரல் வைத்தேன். "இது நான் ஒட்டினது. இந்த நீலம் நான் போட்டது. அன்னைக்கு அவர் இதை எடுத்து மேசைமேல வச்சப்பவே இது இப்படித்தான் இருந்தது. அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

அவர் கல்லாப் பெட்டியிலிருந்து ஒரு லென்ஸ் எடுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வெளியே இரண்டு பிள்ளைகள் நோட்ஸ் நகலெடுக்க வந்து நின்றார்கள். "மெஷின் ரிப்பேர், அப்புறம் வாங்க," என்று தலையைத் தூக்காமல் சொன்னார்.

"பதினோரு வருஷம், தங்கச்சி," என்றார்.

லென்ஸைக் கையில் உருட்டினார்.

"அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் என் பொண்டாட்டி கேட்டா: நிஜமாவே உங்களுக்குத் தெரியாதான்னு. அவளே கேட்டா! அதுக்கப்புறம் எங்க வீட்ல யாரும் அதைப் பத்திப் பேசினதில்ல. பேசாம இருக்கிறதுக்குள்ள அந்தக் கேள்வி உட்கார்ந்துகிட்டே இருக்கும்." லென்ஸைக் கீழே வைத்தார். "உங்க வீட்டுக்காரரை நான் மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்தேன். செத்த சேதி கேட்டப்பவும் திட்டினேன். இப்ப நீங்க வந்து அவருக்குத் தெரியாதுங்கறீங்க. இனிமே யாரைத் திட்டறது?"

"என்னைத் திட்டுங்க."

"அதுக்குத்தான் வந்தீங்களா?"

ஆமாம், அதற்கும்தான் வந்திருந்தேன். ஆனால் நான் சொன்னது வேறு. "இதை நீங்களே வச்சுக்குங்க. எனக்கு எதுவும் வேண்டாம்."

அவர் முகம் மாறியது. புத்தகத்தை இரண்டு கையாலும், ஒரு பச்சைக் குழந்தையைத் தருவதுபோல, என் பக்கம் நகர்த்தினார். "இதைக் குடுத்து என் வாயை அடைக்காதீங்க. இத்தனை நாள் அடைச்சது போதும். என்னை ஏழு பேர் முன்னாடி சொன்னாங்க. நீங்க என்கிட்ட மட்டும், படிக்கட்டுக்குக் கீழே, காதோட வந்து சொல்றீங்க. எனக்கு இது தெரிஞ்சு என்ன ஆகப் போகுது? நான் தப்பு பண்ணலைன்னு எனக்கு முன்னாடியே தெரியும்!"

"அவர் பேர் கெட்டுடும்," என்றேன். சொல்லும்போதே அது எப்படி ஒலிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

"என் பேரும் பேர்தாம்மா," என்றார். பிறகு மெஷினை ஆன் செய்து, வாசலைப் பார்த்து, "தம்பி, அந்த நோட்ஸைக் கொண்டா," என்று குரல் கொடுத்தார்.

ஏல நிறுவனத்தில் பரிசோதனை அறை எங்கள் பழைய பிரிவைப்போலவே இருந்தது. அதே வெள்ளை மேசை, அதே பஞ்சு, எடைக் கற்கள். பரிசோதகர் என் மகள் வயதுப் பெண். திரையை இழுத்துவிட்டு ஊதா விளக்கைப் போட்டாள். பழைய வானம் வெளிறிய சாம்பலாக மாறியது. மூலையில் மட்டும் சுண்டுவிரல் நகத்தளவு கறுப்பு, தாளில் பூச்சி உட்கார்ந்ததுபோல.

"அடேயப்பா," என்றாள். "இந்த விளக்கு இல்லைன்னா நான் விட்டிருப்பேன் மேடம். யாரோ பெரிய கைகாரங்க செஞ்சிருக்காங்க."

வெட்கக்கேடு, அந்த வார்த்தை எனக்கு இனித்தது. ஒரு நொடிதான். அந்த நொடியை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

ஊதா விளக்கை அணைத்து, திரையை விலக்கிவிட்டு ஒரு படிவம் தந்தாள். 'பழுதுபார்க்கப்பட்டதா?' என்ற கேள்விக்கு எதிரே மூன்று கட்டம்: ஆம், இல்லை, தெரியாது.

"தெரியாதுன்னு போட்டுடுங்க. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. எப்படியும் நாங்க 'பழுதுபார்த்தது'ன்னு அச்சடிச்சிடுவோம்."

அப்படிப் போட்டால் படிக்கிறவர்கள் என் கணவரைத்தான் நினைப்பார்கள். ஊருக்கு உபதேசம் செய்தவர் தன் வீட்டில் ஒட்டுப் போட்டு வைத்திருந்தார் என்று. அவர் செய்யாத தவறுக்கு அவர் மேல் பழி. கடைக்காரருக்கு அவர் செய்தது அப்படியே அவருக்குத் திரும்பி வரும். நான் அந்தப் பெண்ணிடம் பேனா கேட்டு வாங்கி, 'ஆம்' என்ற கட்டத்தில் குறியிட்டு, கீழே எழுதினேன்: மேல் வலது மூலை. தாள் இணைப்பு, நீர்வண்ணம். பதினோரு ஆண்டுகளுக்கு முன் உரிமையாளரின் மனைவி செய்தது. உரிமையாளருக்குத் தெரியாது. கடைசியில் என் பெயரெழுத்து, அலுவலகத்தில் போடுவதுபோல.

"இதை இப்படியே அச்சடிக்க முடியுமா?"

"விலை பாதிக்கு மேல இறங்கிடும் மேடம்."

"இறங்கட்டும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு படிவத்தைக் கோப்பில் வைத்தாள்.

கேட்டலாக் வெளிவந்த அன்று காலையில் டாக்டர் போன் செய்தார். கிளினிக்கில் இருந்து பேசினார் போலிருக்கிறது. பின்னால் யாரோ வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணி, பார்த்தீங்களா? அநியாயமா ஒண்ணு அச்சடிச்சிருக்கான். கேஸ் போட்டுடலாம். நான் வக்கீல்கிட்டப் பேசறேன்."

"அதுல தப்பு எதுவும் இல்ல தம்பி. நான் எழுதிக் குடுத்ததுதான்."

அவர் கதவைச் சாத்துவது கேட்டது. "என்கிட்டக் குடுத்திருந்தா இது யாருக்குமே தெரிஞ்சிருக்காதே அண்ணி."

"ஆமா தம்பி. அதனாலதான் குடுக்கல."

"அண்ணனுக்கு உண்மையிலேயே தெரியாதா?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னைக்கு அப்படிப் பேசியிருக்க மாட்டார்."  அவரைப் பற்றி மற்றவர்களிடம் நான் சொன்ன நல்ல வார்த்தைகளில் எனக்கு அதிகம் வலித்தது அதுதான்.

 

"அன்னைக்கு முதல்ல சிரிச்சது நான்தான்," என்றார் டாக்டர். "என் காசுக்கு வாங்கின புத்தகம். எனக்கே கோபம் இல்ல. ஆனா சிரிச்சேன். இப்ப எந்த முகத்தோட அந்த மனுஷன் முன்னாடி போய் நிக்கறது அண்ணி? என்னன்னு பேசறது?"

 அதை எனக்கே யாரும் சொல்லித் தரவில்லை.

"கடை ஒன்பது மணிக்குத் திறந்திடுவார்," என்றேன். "பத்துக்கு மேல காலேஜ் பிள்ளைங்க வந்துடுவாங்க. அதுக்குள்ள போயிடுங்க தம்பி."